‘ஃபுல் ஃபார்மேட் அடிச்சிடலாம் சார்’

இந்த முறை ஊரில் மூன்று வாரம் இருந்தேன். வங்கி வேலை, பத்திர வேலை எல்லாம் அலைச்சல் இல்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது ஒரு லேப்டாப். மூன்று வாரத்தில் நான்கு நாள்தான் அதோடு போராடினேன். ஆனால் திரும்பி வந்த பிறகும் மனசு அந்த நான்கு நாளிலேயே நிற்கிறது.

2021-ல் லண்டனில் வாங்கியது. 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. வாங்கிய மாதமே சி டிரைவைச் சுருக்கி, 120 ஜிபி ஒதுக்கி, பக்கத்திலேயே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டுக்கொண்டேன். ஆபீஸ் வேலை விண்டோஸில், என் சொந்த வேலை உபுண்டுவில் என்று ஐந்து வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் அக்கா மகள் கல்லூரியில் சேர்கிறாள். அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் போனேன். பெட்டியிலிருந்து எடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே அவள் கைக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. மூடியைத் திறந்தால் கருப்பாக ஒரு மெனு வந்து ‘எதுக்குள்ள போகணும்?’ என்று கேட்கக் கூடாது. மாமாவின் பெயர் எங்கேயும் தெரியக் கூடாது. முதல் திரையில் அவள் பெயரை அவளே தட்ட வேண்டும்.

இதை நானே செய்திருக்கலாம். கிளம்புகிற அவசரம் ஒரு காரணம். இன்னொரு காரணம், ஊர் ஆட்கள்மேல் எனக்கு இருந்த பழைய நம்பிக்கை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு பை நிறைய சிடியோடு வீட்டுக்கு வந்து, டவரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டே வேலை பார்த்தவர்களை நமக்கெல்லாம் தெரியும். உறையில் எழுதி வைத்த சாவி எண்ணைப் பார்க்காமலே தட்டுவார்கள். லண்டனில் ஒரு முறை திரை உடைந்த என் பழைய லேப்டாப் ஒன்றை அனுப்பினேன். கூரியர் பெட்டி வந்தது, போனது, இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. திரை புதிது, டிஸ்க் காலி. யார் தொட்டார்கள், ஏன் துடைத்தார்கள் என்று கேட்க ஒரு முகம்கூட இல்லை. ஊரில் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், கேட்டால் பதில் சொல்வார் என்று நினைத்தேன்.

முதலில் கொடுத்த இடத்தில் ஆள் இருந்தார். ஆனால் கேள்வி கேட்கவில்லை. “லினக்ஸை எடுக்கணும், அவ்வளவுதானே சார்? நாளைக்கு வாங்க.” நாளை என்பது நாளை மறுநாள் ஆனது. வாங்கி வந்து வீட்டில் போட்டால் கருந்திரை. இடது மூலையில் ‘கிரப்’ என்ற சொல், அதன் பக்கத்தில் ஒரு அம்புக்குறி, சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோடு. விண்டோஸும் இல்லை, உபுண்டுவும் இல்லை.

நடந்தது இதுதான். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து லினக்ஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் அதற்கு ஒதுக்கிய பகுதியை, டெலீட் செய்திருக்கிறார். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார். எதற்குள் போகணும் என்று கேட்கும் அந்தக் கருப்பு மெனுவைக் காட்டும் நிரல்தான் கிரப். அதன் மெனுவும் அமைப்புக் கோப்புகளும் அந்த லினக்ஸ் பகுதிக்குள்தான் இருக்கும். ஆனால் அதைக் கிளப்பிவிடும் சின்னக் கோப்பு இருப்பது வேறிடத்தில், இயங்குதளங்களைக் கிளப்பும் கோப்புகளுக்கென்றே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனில். பவர் பொத்தானை அழுத்தியதும் அது எழுந்து, தன் மெனுவைத் தேடி, கிடைக்காமல், அந்த அம்புக்குறியில் நின்றுவிட்டது.

திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். அம்புக்குறியைப் பார்த்தார். “டிஸ்க் போயிருக்கும் சார். ஃபுல் ஃபார்மேட் அடிச்சிடலாம். விண்டோஸ் போட்டு, ஆபீஸ் எல்லாம் ஆக்டிவேட் பண்ணியே தர்றேன்.” அந்த ஆக்டிவேட் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். இந்த லேப்டாப்பின் விண்டோஸுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே விண்டோஸோடு விற்கும் கம்பெனி லேப்டாப்களில் சாவி எண் மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள்ளேயே, அதாவது சிப்பில் இருக்கும் அடிப்படை நிரலுக்குள்ளேயே, பதிந்து வருகிறது. அதனால்தான் அடியில் ஒட்டியிருந்த அந்த நீள ஸ்டிக்கர் காணாமல் போனது. அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் தானாகவே எடுத்துக்கொள்ளும். சொந்த வீட்டுக்குச் சாவி சட்டைப்பையில் இருக்கும்போது பூட்டை உடைத்துத் தருகிறேன் என்கிறார். அதைவிட, டிஸ்க்கில் ஐந்து வருடப் படங்கள் இருந்தன. பாதிதான் வேறிடத்தில் நகல் எடுத்திருந்தேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா மகள்தான் ஒரு பெண்ணைச் சொன்னாள். அவளுடைய தோழியின் அக்கா, லேப்டாப் சர்வீஸ்தான் தொழில், வீட்டுக்கே வந்து பார்ப்பாராம். இருபத்தைந்து வயதிருக்கும். சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்தார். லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி:

“சார், பிட்லாக்கர் ரெகவரி கீ கையில இருக்கா?”

அந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. கீ எதற்கு என்று கேட்டேன். “டிஸ்க் என்கிரிப்ட் ஆகித்தான் வந்திருக்கும். பூட் ஆகிற வழி மாறினா அது சந்தேகப்படும் சார். கீ கேட்கும். கீ இல்லாம உள்ள இருக்கிறதை யாராலயும் எடுக்க முடியாது.”

கீ என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. உள்ளே போனால், உங்கள் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது. எண் லண்டன் எண். ரோமிங்கை அணைத்துவிட்டு ஊர் சிம்மில் இருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த அவஸ்தை தெரியும்: அங்கே போனால் இந்த ஊர் ஓடிபி வராது, இங்கே வந்தால் அந்த ஊர் ஓடிபி வராது. மாற்று மின்னஞ்சல் ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தது காப்பாற்றியது. ஊருக்குக் கிளம்புகிறவர்கள் இதை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்து, கீயை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

பிறகு அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அந்த அம்புக்குறிக்குப் பக்கத்தில் ‘எக்ஸிட்’ என்று தட்டினார். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. கிரப் விலகிக்கொண்டது, ஃபர்ம்வேர் பட்டியலில் அடுத்து இருந்த விண்டோஸ் எழுந்தது. ‘போயிருக்கும்’ என்று சொல்லப்பட்ட டிஸ்க்தான் அது! அவர் சொன்னபடியே நீலத் திரை வந்து 48 இலக்கங்களைக் கேட்டது. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. கணக்கில் மூன்று கீ இருந்தன. திரையில் தெரிந்த அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்தை வைத்துச் சரியானதைப் பிடித்தோம். நான் வாசிக்க அவர் தட்டினார். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும்படிதான் அந்த எண் அமைந்திருக்கும், ஒரு இலக்கம் பிசகினாலும் அதற்குத் தெரிந்துவிடும் என்று தட்டிக்கொண்டே சொன்னார். எட்டாவது தொகுதி முடிந்து விண்டோஸின் வட்டம் சுழல ஆரம்பித்தபோது அக்கா மகள் கைதட்டினாள்.

உள்ளே போனதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தது. அதையும் அவர் விடவில்லை. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லண்டனில் குளிர்காலத்தில் இரண்டும் ஒன்றுதான், கோடையில் ஒரு மணி நேரம் பிசகும். இணையம் வந்ததும் சரியாகிவிடும், நான் கவனித்ததே இல்லை. இந்திய நேரத்துக்கு மாற்றியதும் ஐந்தரை மணியாகப் பல்லைக் காட்டிவிட்டது.

படங்களை முதலில் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். நகல் ஓடும்போது இரண்டு வழி சொன்னார். ஒன்று, இருக்கிற விண்டோஸை வைத்துக்கொண்டு, காலியான 120 ஜிபியை சி டிரைவோடு சேர்ப்பது. சி-க்கு வலது பக்கம் ஒட்டியபடியே காலியிடம் இருந்தால்தான் விண்டோஸ் அதைச் சேர்க்க விடும். நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் விடாது. என் லேப்டாப்பில் ஒட்டித்தான் இருந்தது. அப்புறம் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு என்ற கோப்புறையை மட்டும் எடுக்க வேண்டும். பார்ட்டிஷனையே அழித்தால் விண்டோஸும் எழாது, ஏனென்றால் அதைக் கிளப்பும் கோப்பும் அதே இடத்தில்தான் குடியிருக்கிறது. இன்னொரு வழி, தயாரிப்பாளர் தளத்தில் சீரியல் எண்ணைக் கொடுத்து, இந்த மாடலுக்கென்றே உள்ள இமேஜை, அதாவது பெட்டியில் வந்தபோது இருந்த அமைப்பின் நகலை, இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க் முழுவதையும் பழைய பார்ட்டிஷன் அமைப்போடு திரும்ப எழுதுவது.

“நீங்க கேட்கிறது ரெண்டாவது சார். ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுத்தாலும் விண்டோஸ் மட்டும்தான் புதுசாகும், மத்தது அப்படியே கிடக்கும்.”

இரண்டாவதற்கே சொன்னேன். இமேஜ் இறங்கி முடிய மாலையாகிவிட்டது. பென் டிரைவைச் செருகப் போனவர் கையை நிறுத்தி இன்னொரு கேள்வி கேட்டார். “உபுண்டு போடும்போது பயாஸ்ல ஸ்டோரேஜ் மோடை மாத்தினீங்களா?”

மாற்றியிருந்தேன். ஐந்து வருடத்தில் அடியோடு மறந்துவிட்டேன். இன்டெல்லின் ஆர்எஸ்டி முறையில் வந்த டிஸ்க்கை உபுண்டு கண்டுகொள்ளவில்லை என்று, ஃபர்ம்வேரின் அமைப்புத் திரையான பயாஸில், டிஸ்க்கோடு பேசும் அந்த முறையை ஏஹெச்சிஐ என்ற இன்னொன்றுக்கு மாற்றி, சரிபார்க்கப்படாத நிரலைக் கிளம்ப விடாத செக்யூர் பூட்டையும் அன்றைக்கே அணைத்திருந்தேன். இரண்டும் டிஸ்க்கில் இல்லை, ஃபர்ம்வேரில் இருக்கின்றன. ஆயிரம் ஃபார்மேட் அடித்தாலும் மாறாது. ரீஸ்டோர் முடிந்த பிறகு என்றைக்காவது யாராவது பயாஸில் டீஃபால்ட் கொடுத்தால், விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் நீலத் திரையில் விழும். அது அக்கா மகளின் பரீட்சை நேரத்தில் நடந்திருந்தால்? இமேஜ் ஏற்றுவதற்கு முன்பே இரண்டையும் பழையபடி வைத்தார். அவர் இதற்காகவே எத்தனை லேப்டாப்பில் அடிபட்டுக் கற்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரீஸ்டோர் ஓடி முடிந்து, நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அந்த முதல் திரை வந்தது. நான் மூடியை மூடப் போனேன். “இருங்க சார், ஒண்ணு பாக்கி.” ஷிஃப்டோடு எஃப்10-ஐ அழுத்தினார். முதல் திரையின் மேலேயே கருப்பு ஜன்னல் ஒன்று திறந்தது. எந்தக் கணக்கும் தொடங்காமலே உள்ளே போக அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. ஃபர்ம்வேரில் இருக்கும் பூட் பட்டியலைக் கேட்டு வாங்கினார். விண்டோஸ் பூட் மேனேஜர், யூஎஸ்பி, அதன் கீழே, டிஸ்க்கில் அதன் ஒரு பைட்கூட மிச்சமில்லாத நிலையிலும், ‘உபுண்டு’.

“இது மதர்போர்டு சிப்ல எழுதியிருக்கு. டிஸ்க்கைத் துடைச்சா போகாது,” என்று சொல்லி, அதன் நீள அடையாள எண்ணை நகலெடுத்து, ஒரு கட்டளையில் நீக்கிவிட்டுப் பட்டியலை மறுபடி எடுத்துக் காட்டினார். இரண்டே வரி. நான் பார்த்து முடிக்கும்வரை ஜன்னலை மூடவில்லை.

லண்டனில் எனக்குக் கிடைக்காதது இதுதான். அங்கே ரசீது வரும், டிக்கெட் எண் வரும், மன்னிப்புக்கூட அச்சடித்து வரும். செய்த வேலையைத் திரையைத் திருப்பிக் காட்டி ‘பாத்துக்கோங்க சார்’ என்று ஒருவர் சொன்னதில்லை. ஆனால் எங்கள் ஊரிலேயே, இரண்டு நாள் முன்னால், ஆரோக்கியமான டிஸ்க்கைப் போயிருக்கும் என்று சொல்லி ஐந்து வருடப் படங்களை அழிக்க ஒருவர் தயாராக இருந்தார் என்பதையும் மறக்க முடியவில்லை. இருவரும் அதே வேலைக்குத்தான் பணம் கேட்டார்கள்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். ஒரிஜினல் நிலை என்றால் 2021-ன் விண்டோஸ் 10 என்று அர்த்தம். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டது. இந்த லேப்டாப்பின் பிராசசருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்புக்கும் விண்டோஸ் 11 இலவசமாகவே ஏறும், அப்டேட்டில் இரவெல்லாம் ஓட விட்டால் போதும். “ஆனா இன்னைக்கே நான் ஏத்தினா முதல் தடவை திறக்கிறது நானா ஆயிடுவேன். பாப்பாவே ஆரம்பிச்சுட்டு ஏத்திக்கட்டும்,” என்று மூடியைத் தானே மூடி அவள் கையில் கொடுத்தார்.

அன்று இரவே திறந்தாள். நாடு கேட்டது, இந்தியா. விசைப்பலகை கேட்டது. இன்னொன்று சேர்க்கவா என்றது. பட்டியலில் கீழே இறங்கித் தமிழைத் தேடிச் சேர்த்துக்கொண்டாள். பெயர் கேட்டபோது, நான் பார்க்கிறேனா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தாள்.