லேமினேஷன் போட்ட ‘லைசென்ஸை’ நம்பி வீட்டு வேலையைக் கொடுக்காதீர்கள்

கீழக்கரைப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்க, கட்டுமானத்தை மனைவிதான் பார்த்துக்கொண்டார். காண்ட்ராக்டர் ஒரு ஃபைலைப் பிரித்துக் காட்டி, “கவர்மென்ட் லைசென்ஸ் இருக்கு, எல்லாத்துக்கும் இன்சூரன்ஸ் இருக்குக்கா” என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கினார். முதல் மாடி சன்ஷேடு வேலையில் சாரம் சரிந்து, சித்தாளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஃபைலை முழுதாகப் படித்தார்கள். ‘லைசென்ஸ்’ என்று காட்டியது உத்யம் பதிவு. பாலிசியோ வேறு ஊர்க் கட்டடத்துக்கு எடுத்தது, காலமும் முடிந்துபோனது. காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்தது.

உத்யம் பதிவு என்பது சிறுதொழில் செய்பவர் தானே விவரம் கொடுத்து இணையத்தில் இலவசமாக எடுப்பது. வேலைத்திறனை யாரும் சோதித்துத் தருவதில்லை. ஜிஎஸ்டி எண் வரிக்கானது. பொதுப்பணித்துறையின் ‘கிளாஸ்’ பதிவு அரசு டெண்டரில் கலந்துகொள்ள. நம் ஊரில் தனியார் வீடு கட்டும் மேஸ்திரிக்குத் தேர்வு வைத்து லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம் கிடையாது. ஆகவே யாராவது ‘லைசென்ஸ்’ என்று நீட்டினால், எந்த அலுவலகம், எதற்காகக் கொடுத்தது என்று முதலில் கேளுங்கள். உள்ளாட்சியில் பதிவு பெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோதான் பிளானில் கையெழுத்துப் போடுகிறார். அவர் வேலை நடக்கும்போதும் வந்து பார்ப்பாரா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

இன்சூரன்ஸில்தான் ஏமாற்று அதிகம். வேண்டியது இரண்டு தனித்தனி பாலிசி. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கும், பக்கத்து வீட்டுச் சுவருக்கோ வழிப்போக்கருக்கோ நேரும் சேதத்துக்கும் ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசி. கட்டட வேலையாட்களின் காயம் இதில் வராது. அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி வேண்டும், பலரும் இன்னும் ‘டபிள்யூ.சி.’ என்றே சொல்வது அதைத்தான். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடிக்கும்) வேலையைத் தனி மேஸ்திரியின் ஆட்கள் செய்தால், துணை ஒப்பந்தக்காரரின் ஆட்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நாலு ஆள் கூலியைக் காட்டிப் பிரீமியத்தைக் குறைத்துவிட்டுப் பன்னிரண்டு பேரை இறக்குவது வழக்கமான தில்லுமுல்லு.

பாலிசியில் வேலை நடக்கும் இடம் உங்கள் சர்வே எண்ணோடு இருக்க வேண்டும். காப்பீடு பெறுபவர் பெயரில் காண்ட்ராக்டரோடு உங்கள் பெயரும் சேரட்டும். காப்பீட்டுத் தொகை, நீங்கள் வாங்கிக் கொடுக்கும் கம்பி, சிமெண்ட் உட்பட முழுக் கட்டுமான மதிப்புக்கு இருக்க வேண்டும். 40 லட்சம் மதிப்புள்ள வேலையை 20 லட்சத்துக்குக் காட்டியிருந்தால், 2 லட்சம் சேதத்துக்குப் பாதிதான் கணக்கில் வரும். அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய கழிவுத்தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். புயல், வெள்ளத்துக்கு அந்தக் கழிவு பொதுவாக அதிகம். பாலிசி நகலை மட்டும் நம்பாமல், நீங்களே தேடியெடுத்த எண்ணில் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு, அது நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபைலில் இருக்கும் செல்போன் எண்ணுக்கு அடிக்காதீர்கள்.

நம் கரையில் தேதி மிக முக்கியம். செப்டம்பரில் முடிய வேண்டிய வேலை இழுத்துக்கொண்டு போய், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நடக்கும். பாலிசியோ செப்டம்பரோடு நின்றிருக்கும். காலாவதி ஆகும் முன்பே கூடுதல் பிரீமியம் கட்டி நீட்டிக்க வேண்டும், அதற்கான செலவு யாருடையது என்பதையும் எழுதுங்கள்.

உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உப்பி விழுந்தால் எந்தப் பாலிசியும் பெரும்பாலும் கைகொடுக்காது. மெல்ல நேரும் கேட்டையும் மோசமான வேலையின் பழுதையும் விலக்கியே வைத்திருப்பார்கள். அதனால் இதை ஒப்பந்தத்தில்தான் பிடிக்க வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன்படி கடலோரக் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு எம்30 என்ற வலிமைத் தரமும், கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனமான ‘கவர்’ 45 மி.மீ.யும் வேண்டும். இங்கே கம்பிக்கு அந்த இடைவெளி கொடுக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கை 20, 25 மி.மீ. அளவில் வைத்துக் காரியத்தை முடிப்பவர்களைப் பார்க்கிறோம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டக் கூடாது. நம் கடலோர ஊற்று நீர் பல இடங்களில் உப்பு. லேப் சோதனை அறிக்கை வந்த பிறகே கான்கிரீட் போட விடுங்கள்.

வேலையாட்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். 18 முதல் 60 வயதுள்ளவர்கள் பதிவு செய்யலாம். அதில் விபத்து உதவி உண்டு, ஆனால் டபிள்யூ.சி. பாலிசிக்கு அது மாற்றாகாது.

பணத்தைக் கட்டம் கட்டமாக, வங்கி வழியாகவே கொடுங்கள். கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டும் வரை நிறுத்தி வைக்க ஒப்பந்தத்திலேயே இடம் வையுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் செய்தி, போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வீடு கட்டித் தருவதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு சேவைதான். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம்.