கிக்ஸ்டார்ட்டரில் மூன்று ஆண்டுகள்: ஒரு சாதிக்காய் விளையாட்டின் கணக்கு

பினாங்கின் பாலிக் புலாவ் தோட்டங்களில் சாதிக்காய் வாங்கிக் கப்பலேற்றும் வியாபாரிகளாக நான்கு பேர் ஆடும் அட்டை விளையாட்டு என்னுடையது. இணையத்தில் ஆதரவாளர்களிடம் முன்பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் ஒருமுறை தோற்று, மறுமுறை வென்று, கடைசிப் பெட்டியை அஞ்சலில் சேர்த்து முடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. "அண்ணே, நானும் ஒன்னு செஞ்சு வச்சிருக்கேன், எப்படிப் போடுறது?" என்று லெபோ பாசாரில் நிறுத்திக் கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தடை வாசலிலேயே. நான் தொடங்கியபோது, திட்டம் தொடங்க அனுமதியுள்ள நாடுகளில் மலேசியா இல்லை. சிங்கப்பூர் 2016இலிருந்து உண்டு. பெயருக்கு ஒருவரைப் பதிவு செய்ய வைப்பது விதிமீறல். என் விளையாட்டுக்குப் படம் வரைந்த தோழி சிங்கப்பூரில் இருப்பவர், உண்மையான பங்குதாரர், அதனால் வழி கிடைத்தது. பணம் அவர் கணக்கில்தான் வந்து விழும். யாருக்கு எவ்வளவு, வரியை யார் கட்டுவது, நட்டம் வந்தால் யார் தாங்குவது என்று முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். நெருங்கிய நட்பாக இருந்தால் இதை இன்னும் கட்டாயமாகச் செய்யுங்கள்.

முதல் முயற்சியில் இலக்கில் பாதியைக்கூடத் தொடவில்லை. இலக்கை எட்டினால்தான் அங்கே பணம் கிடைக்கும். எட்டாவிட்டால் யாருடைய வங்கி அட்டையிலிருந்தும் ஒரு சென்கூடப் பிடிக்க மாட்டார்கள். அன்று இரவு நான் தூங்கவில்லை. ஆனால் அந்த விதிதான் என்னைக் காப்பாற்றியது. பாதிப் பணம் கையில் வந்திருந்தால் முழுப் பெட்டிகளுக்கும் கடன்பட்டிருப்பேன்.

தோற்றதற்குக் காரணம் பெட்டி. கடையில் அடுக்கினால் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று 30×30×7 சென்டிமீட்டரில் செய்திருந்தேன். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். மெய்யான எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். வெளி அட்டைப்பெட்டியோடு என்னுடையது 32×32×9. கணக்குப் போட்டால் 1.84 கிலோ, அரைக் கிலோ படிகளில் உயர்த்தினால் 2 கிலோ. தராசில் வைத்தால் ஒரு கிலோகூட இல்லை. மீதிக்குக் காற்றை அனுப்பக் காசு கேட்டிருக்கிறேன்! விளையாட்டின் விலைக்கு நிகராக அஞ்சல் செலவைப் பார்த்தவர்கள் பக்கத்தை மூடிவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் முறை பெட்டியைச் சுருக்கினேன். வெளி அட்டையோடு 22×16×7. அதே கணக்கில் 0.49 கிலோ.

இடையில் எட்டு மாதம், சனிக்கிழமைதோறும் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிப் பொதுமண்டபத்தில் மேசை போட்டு ஆடினோம். ஒருநாள் பேரனோடு வந்த பாட்டி ஒருவர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, காய்க்கும் பத்திரிக்கும் ஒரே விலை போட்டிருக்கே? பத்திரிக்குத்தான் விலை கூட" என்றார். பத்திரி என்பது சாதிக்காய்க் கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவப்புத் தோல். சிறு வயதில் பாலிக் புலாவில் சாதிக்காய் உடைத்தவராம். அன்றே விதியை மாற்றினேன். சாதிபத்திரி விலையேறிய பிறகுதான் ஆட்டத்துக்கே உயிர் வந்தது. அந்த மேசையில் உட்கார்ந்தவர்களின் மின்னஞ்சல்களை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். தொடங்கிய முதல் நாளில் வந்த பணத்தில் பெரும்பங்கு அவர்களுடையது. கிக்ஸ்டார்ட்டர் கூட்டத்தைக் கூட்டித் தரும் என்று காத்திருந்தது என் முதல் முறைப் பிழை.

இலக்கைத் தாண்டியதும் உற்சாகத்தில், சிவப்புச் சாயம் பூசிய மரச் சாதிக்காய்களையும் சேர்த்துத் தருகிறேன் என்று அறிவித்துவிட்டேன். எல்லாருக்கும் பிடித்தது. மாதிரி வந்ததும் பொட்டலம் கட்டிச் சமையலறைத் தராசில் வைத்தேன். 530 கிராம். அரைக் கிலோவைத் தாண்டியாயிற்று, ஒவ்வொரு பொதிக்கும் அடுத்த படிக் கட்டணம். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, உள்ளே இருந்த அட்டைத் தட்டை எடுத்தோம், விதிப் புத்தகத்தை ஒரே மடிப்புத் தாளாக்கினோம். 482 கிராம்.

அச்சகத்தில் இன்னொரு இடி. சீனாவிலிருந்து வந்த முதல் அச்சுப்படியில் 'கொ' எல்லாம் சிதறி, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். அவர்களிடம் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துரு இல்லாமலும் தெரியும்படி எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது வரைபடமாக, மாற்றி அனுப்பாதது என் குற்றம்தான். அச்சுப்படி கேட்காமல் விட்டிருந்தால் ஆயிரம் பெட்டியும் அப்படியே வந்திருக்கும்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தளத்துக்கு 5%, கட்டணச் செயலாக்கத்துக்கு 3 முதல் 5%. சில ஆதரவாளர்களின் வங்கி அட்டை கடைசியில் வேலை செய்யாது. பத்தில் ஒரு பங்கு கைக்கு வராது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். திரட்டியது சிங்கப்பூர் வெள்ளியில், அச்சுக்கூலி அமெரிக்க டாலரில், அஞ்சல் மலேசிய வெள்ளியில். மூன்றும் ஒரே திசையில் நகர்வதில்லை. வரியும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதல் சிறிய பொதிகளுக்கும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29இல் நீங்கியது. அஞ்சல் கட்டணத்தை முன்கூட்டியே வசூலிக்காமல், பெட்டிகள் தயாரான பிறகு கேட்பதே மேல் என்பேன். நான் முன்பே வாங்கிவிட்டு, ஏறிய பங்கைக் கையிலிருந்து கட்டினேன்.

மறுபடியும் செய்வேனா? செய்கிறேன். அடுத்த விளையாட்டுக்குப் படங்கள் இன்னும் தொடங்கவில்லை. 22×16×7 அளவில் ஒரு வெற்றுப் பெட்டியை வெட்டி ஒட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன். இதற்குள் அடங்குவதை மட்டும் வரைந்தால் போதும் என்று தோழியிடம் சொல்லியாயிற்று.