டிவிடியை சிடியில் அடக்க: விசிடியா, எஸ்விசிடியா, எக்ஸ்விட்டா?

பர்மாவில், ரங்கூனில் எடுத்த கல்யாண வீடியோவையும் தீமிதி வீடியோவையும் டிவிடியாகப் போட்டு பெகுவுக்கோ மோல்மீனுக்கோ அனுப்பினால், அங்கே விசிடி பிளேயர் மட்டுமே உள்ள வீட்டில் அது ஓடாது. அப்படிப்பட்ட வீட்டுக்குச் சிடியில் அடக்கித்தான் கொடுக்க வேண்டும். வழி மூன்று: விசிடி, அதைவிடத் தெளிவான எஸ்விசிடி, எம்பெக்-4 முறையில் சுருக்கும் எக்ஸ்விட். எது நல்லது என்பதைத் தீர்மானிக்க இரண்டு கேள்வி போதும்: பார்க்கப்போகிறவர் வீட்டில் என்ன பிளேயர்? வீடியோ கேமராவில் பிடித்ததா, சினிமாவா?

ஏறக்குறைய எந்தப் பிளேயரிலும் ஓடுவது விசிடிதான். சுருக்கும் முறை எம்பெக்-1, என்டிஎஸ்சி டிவி முறைக்கு 352x240 பிக்சல், வீடியோ நொடிக்கு 1150 கிலோபிட், ஒலி எம்பி2 முறையில் 224 கிலோபிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இந்த எண்களில் எதையும் மாற்றக் கூடாது. விசிடி பிளேயர் வட்டை ஒற்றை வேகத்தில்தான் சுற்றும். பிட்ரேட்டை, அதாவது இந்த நொடிக் கணக்கை, ஏற்றினால் தரவு வந்து சேராமல் படம் திக்கித் திக்கி ஓடும். டிவிடியின் ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். அதை 44.1 ஆக்காமல் விட்டால் சில பிளேயரில் சத்தமே வராது, சிலவற்றில் உதடும் பேச்சும் பிரிந்துபோகும்.

80 நிமிட சிடியில் 80 நிமிட விசிடி அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு வட்டு. இடைவேளையில் வெட்டினால் பார்ப்பவருக்கும் உறுத்தாது. கஷ்டம் படத்தின் தரத்தில். அகலத்திரைப் படத்தை 4:3 சட்டத்துக்குள் வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்துவிடும். 16:9 படத்துக்கு 240 வரியில் மிஞ்சுவது 180 தான், சினிமாஸ்கோப்புக்கு 136. முகங்கள் மங்கிவிடும். பழைய 4:3 படங்களுக்கு இந்த இழப்பு இல்லை. 720x480 படத்தில் இடமும் வலமும் 8 பிக்சல் வெட்டி 704 ஆக்கினால் சரிபாதியாகச் சுருங்கும், உருவம் நீளாது.

திருவிழா வீடியோவுக்கு விசிடி சரிப்படாது. கேமரா பிடிப்பது இன்டர்லேஸ் படம்: ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் நொடிக்கு அறுபது தடவை மாறி மாறி வரும். எம்பெக்-1 இதை அறியாது. பாதி வரிகளைக் கழித்தாக வேண்டும், அசைவு வெட்டி வெட்டித் தெரியும். மயில்தோகைக் காவடி சுழலும்போது தோகையின் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுகிறது; 1150 கிலோபிட் அதற்குக் காணாது. தோகை இருந்த இடத்தில் பச்சையும் நீலமுமாகச் சதுரக் கட்டிகள்தான் தெரியும். தீக்குழியின் கங்கும் புகையும் அப்படியே.

இங்கேதான் எஸ்விசிடி ஜெயிக்கிறது. எம்பெக்-2, 480x480, இன்டர்லேஸை அப்படியே வைத்துக்கொள்ளும். அசைவு அதிகமான இடத்தில் 2500 கிலோபிட் வரை எடுத்துக்கொண்டு, ஐயர் மந்திரம் சொல்லும் அசையாத காட்சியில் குறைத்துக்கொள்ளும்படி மாறும் பிட்ரேட் வைக்கலாம். விலை, நிமிடங்கள். உச்ச வேகத்தில் ஒரு சிடிக்கு 40 நிமிடம்தான். 60 நிமிடம் வேண்டுமானால் ஒலிக்கு 192, வீடியோவுக்குச் சராசரி 1600 கிலோபிட், இரண்டு பாஸ் (முழு வீடியோவையும் இரண்டு தடவை ஓட்டிச் சுருக்குவது). அதற்கு மேல் நீட்டினால் எஸ்விசிடியாகப் போடுவதில் அர்த்தமே இல்லை. வீடியோவை எம்பெக்காக மாற்றும் டிஎம்பிஜிஎன்க் மென்பொருளில் ஃபீல்டு வரிசையை, அதாவது ஒற்றை வரிகள், இரட்டை வரிகளில் எது முதலில் என்பதை, சரியாகக் கொடுங்கள். மினி-டிவி டேப் கேமரா வீடியோவில் பெரும்பாலும் கீழ் ஃபீல்டு முதலில். மாற்றிக் கொடுத்தால் அசைவதெல்லாம் முன்னும் பின்னும் துள்ளும்.

எஸ்விசிடிக்கு இரட்டை வேகம் வேண்டும், எம்பெக்-2 சிப்பும் வேண்டும். பழைய விசிடி பிளேயரில் இரண்டும் கிடையாது. டிவிடி பிளேயர்களில் நிறைய ஓடும், எல்லாவற்றிலும் ஓடும் என்று சொல்ல முடியாது. ஒன்றை முதலில் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சினிமாவுக்கு, எம்பெக்-4 ஓட்டும் டிவிடி பிளேயரோ கம்ப்யூட்டரோ இருந்தால், எக்ஸ்விட் போதும். ஸ்கோப் படத்தின் கறுப்புப் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு 640x272 வைக்கலாம். இரண்டரை மணி நேரப் படத்தை இரண்டு சிடியில் போட்டால் ஒலிக்கு 128 போக வீடியோவுக்கு 1170 கிலோபிட் கிடைக்கும்; டிவிடிக்கு மிக அருகில் நிற்கும். ஒரே சிடியில் திணித்தால் 96 கிலோபிட் ஒலியோடு 550 தான். அப்போது 560x240 ஆகக் குறைப்பதே நல்லது, 640 வைத்தால் சண்டைக் காட்சியில் கட்டி கட்டியாகிவிடும். எக்ஸ்விட் அமைப்பில் கியூபெல், ஜிஎம்சி என்ற இரண்டு கூடுதல் வசதிகளையும் அணைத்துவிடுங்கள். பல பிளேயர்களுக்கு அவை புரியாது. எம்பி3 நிலையான பிட்ரேட்டில் இருக்கட்டும்.

எரிக்கும்போது நடக்கும் பெரிய தப்பு ஒன்று உண்டு. எம்பெக் கோப்பைச் சும்மா டேட்டா சிடியாக எரித்தால் விசிடி பிளேயர் அதைத் தொடாது. விசிடிஈஸி, நீரோ போன்ற வட்டு எரிக்கும் மென்பொருளில் விசிடி, எஸ்விசிடி என்று தேர்ந்தெடுத்தே எரிக்க வேண்டும். அப்படி எரித்தால் இடமும் கூடுகிறது: டேட்டாவாக 703 எம்பி பிடிக்கும் வட்டில் ஏறத்தாழ 797 எம்பி வீடியோ ஏறும். கூடுதல் இடம் வருவது பிழை திருத்தும் பைட்டுகளை விட்டுக்கொடுப்பதால். அதனால் விசிடியில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் கட்டிகள் தெரிந்து படம் மேலே ஓடும். எக்ஸ்விட் டேட்டா வட்டு சிறு கீறலைத் தாங்கும், பெரிய கீறலில் ஒரேயடியாக நின்றுவிடும்.

என்டிஎஸ்சிக்குப் பதில் பிஏஎல் என்ற டிவி முறையில் டிவிடி வந்தால் பிளேயரும் டிவியும் பிஏஎல்லை எடுக்கிறதா என்று கேட்டுவிட்டு 352x288, 25 ஃபிரேமாகவே விடுங்கள். என்டிஎஸ்சி மட்டும் தெரிந்த டிவியில் படம் கறுப்பு வெள்ளையாகி உருளும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் முழுப் படத்தையும் ஒரே ஓட்டமாகக் கொடுக்காமல் வட்டு வட்டாக என்கோடு செய்யுங்கள். கரண்ட் போனாலும் முடிந்த வட்டு கையில் இருக்கும்.