எரித்ததை உண்ணச் சொல்லும் கைப்பட்டை: மூன்று மாத அனுபவம்

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலையில் நடக்க வருபவர்கள் பலரது மணிக்கட்டில், அடிகளையும் இதயத் துடிப்பையும் எரித்த கலோரியையும் கணக்கிடும் ஒரு கறுப்புப் பட்டையை இப்போது காண முடிகிறது. நானும் மூன்று மாதங்களுக்கு முன் 3,500 ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. என் குறை அந்தக் கருவியைவிட, அதனுடன் வரும் செயலி போடும் கணக்கின் மீதுதான்.

கருவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு முறை சார்ஜ் செய்தால் எட்டு, ஒன்பது நாட்கள் தாங்குகிறது. வெயிலிலும் திரை தெளிவாகத் தெரிகிறது. சென்னையின் வியர்வையில் ரப்பர் வார் மணிக்கட்டைத் தடிக்க வைத்ததால், ரிச்சி தெருவில் 250 ரூபாய்க்குத் துணி வார் வாங்கி மாற்றிக்கொண்டேன். குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அடிகள் குறைகின்றன. குண்டும் குழியுமான சாலையில் ஸ்கூட்டர் ஓட்டினாலோ, உட்கார்ந்த இடத்திலேயே நூறு இருநூறு அடிகள் ஏறிவிடுகின்றன.

சிக்கல் கலோரியில்தான் தொடங்கியது. செயலி எனக்கு ஒரு நாளைக்கு 1,700 கலோரி என்று அளவு வைத்திருந்தது. 45 நிமிடம் நடந்து முடித்ததும் 310 கலோரி எரித்துவிட்டதாகப் பாராட்டி, அந்த 310-ஐயும் அன்றைய அளவுடன் சேர்த்து, இன்னும் இவ்வளவு உண்ணலாம் என்று பச்சை நிறத்தில் காட்டியது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு சிற்றுண்டிக் கடை. தொன்னையில் இரண்டு மெதுவடை, ஒரு காபி. வடையைக் கையில் எடுக்கும்போதே விரல் நுனியில் எண்ணெய் மினுங்கும். செயலியே அனுமதித்த பிறகு யாருக்குக் குற்ற உணர்வு வரும்? மூன்றாம் வாரத்திலிருந்து கடைக்காரர் கேட்பதையே விட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் இரண்டு வடையை எடுத்து வைக்கத் தொடங்கினார். மூன்று மாத முடிவில் என் எடை 70 கிலோவிலிருந்து அரைக் கிலோ கூடியிருந்தது.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர், சும்மா இருக்கும்போது செலவாவதைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறார். சும்மா இருந்தால் ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு ஒரு கலோரி என்று கொண்டால், 70 கிலோ உள்ள எனக்கு 45 நிமிட நடையில் ஆவது சுமார் 184 கலோரிதான். அதிலும் நடக்காமல் நாற்காலியில் இருந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய 52 கலோரி அடங்கியிருக்கிறது. அது ஏற்கெனவே அந்த 1,700-க்குள் இருப்பதால் மறுபடி சேர்ப்பது இரட்டைக் கணக்கு. அதைக் கழித்தால் உண்மையில் கூடுதலாக எரிந்தது 130 சொச்சம், அதாவது மூன்று தேக்கரண்டி எண்ணெய். இந்தப் பிழை என் பட்டைக்கு மட்டும் உரியதன்று. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியிலோ, இருப்பதில் சிறந்த பட்டைகூடச் சராசரியாக 27 விழுக்காடு பிசகியது.

எடை குறையவில்லை என்றால் எதற்கு நடக்க வேண்டும் என்று சலித்துப்போய் இரண்டு நாள் பூங்காவுக்குப் போகவில்லை. அந்த வாரம் வந்த இரத்தப் பரிசோதனை முடிவுதான் என்னை மறுபடி அனுப்பியது. அரைக் கிலோ கூடியிருந்தும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 விழுக்காட்டிலிருந்து 5.8-ஆக இறங்கியிருந்தது. நடக்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பின்னும் பல மணி நேரம் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. வடை உண்டதால் அந்தப் பலன் முழுவதும் அழிந்துவிடுவதில்லை. 1950-களில் லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்த மருத்துவ ஆய்வாளர் ஜெரி மோரிஸ், உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார். சீருடையின் இடுப்பளவை வைத்துப் பார்த்தபோது, ஒல்லியானவர், பருமனானவர் என்ற வேறுபாடில்லாமல் அந்த நன்மை இருந்தது. எரித்ததைத் திரும்ப உண்பவனும் உட்கார்ந்தே இருப்பவனும் தராசில் ஒன்றாகத் தெரியலாம், உள்ளே ஒன்றல்ல. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அப்படிப்பட்ட நாட்டில் விற்கும் செயலி இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல், நடையைச் சிற்றுண்டிக்கான சில்லறையாக மட்டும் காட்டுவதுதான் என் முதன்மையான குறை.

பட்டையை வாங்கலாமா என்று கேட்டால், அடிகளுக்கும் இதயத் துடிப்புக்கும் இந்த விலை தகும் என்பேன். கலோரிக்காக வாங்க வேண்டாம். உடற்பயிற்சிக் கலோரியை உணவு அளவுடன் சேர்க்கும் வசதியை அணைக்கவும் முடியும், ஆனால் அமைப்புகளுக்குள் நான்கு திரைகள் தாண்டித் தேட வேண்டும். உதவி மையத்துக்கு இரண்டு முறை எழுதியும் பதில் வராததால், அந்தப் பொத்தானை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தேன். இப்போது பச்சை எண் வருவதில்லை. கடைக்காரர் மட்டும் இன்னும் இரண்டு வடையை எடுத்து வைக்கிறார். ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறேன்.