"நோட்டீஸ் போட்டாச்சு" என்றால் பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீட்டில் யாராவது தவறிப்போய், எஸ்டேட் வேலையை, அதாவது அவர் விட்டுப்போன சொத்தையும் கடனையும் தீர்த்துப் பிரிக்கிற வேலையை, ஏஜெண்டிடம் விட்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

என் மாமனார் போன வருஷம் சாட்ஸ்வொர்த்தில் காலமானார். இருந்தது ஒரு வீடும் கொஞ்சம் சேமிப்பும்தான். ஆனாலும் மதிப்பு 2.5 லட்சம் ராண்டைத் தாண்டியதால் சின்ன எஸ்டேட்டுக்கான சுருக்கு வழி எங்களுக்கு இல்லை. எஸ்டேட்டுகளை மேற்பார்க்கும் அரசு அலுவலகமான மாஸ்டர் அலுவலகத்தில், எஸ்டேட்டைத் தீர்க்கும் பொறுப்பாளர் (எக்ஸிகியூட்டர்) என்று என் வீட்டுக்காரர் பேரில் கடிதம் வாங்கினோம். எழுதவும் அலையவும் ஒரு ஏஜெண்டைப் பிடித்தோம். யாரென்று சொல்லப்போவதில்லை. மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம் கமிஷன். அது அரசு வைத்த அளவுதான், அதில் எனக்குப் புகார் இல்லை.

மாமனாருக்குக் கடன் கொடுத்தவர்கள் வந்து கேட்கும்படி பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்தாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டேன். "போட்டாச்சு மேடம், எல்லாம் முடிஞ்சுது" என்றார்கள். அந்த நம்பிக்கையில், வண்டி வாங்கணும் என்று கொழுந்தனார் கேட்டதும் அவர் பங்கிலிருந்து 60,000 ராண்டை ஏஜெண்டே எடுத்துக் கொடுத்துவிட்டார். எஸ்டேட்டின் சொத்து, கடன் கணக்கே இன்னும் மாஸ்டருக்குப் போகவில்லை!

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஏழு மாசம் இருக்கும். கோயிலில் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "ஐயா கணக்குல 38,000 நிக்குதும்மா. எப்படிக் கேக்கறதுன்னு சும்மா இருந்தேன்." எந்த அறிவிப்பும் அவர் கண்ணில் படவில்லை.

ஏஜெண்டிடம் பேப்பர் நறுக்கைக் கேட்டேன். மூன்று நாள் இழுத்தடித்து வாட்ஸ்அப்பில் ஒரு ஜெராக்ஸ் வந்தது. எறும்பு எழுத்து. பிரிண்ட் எடுத்து, மாமியாருடைய பூதக்கண்ணாடியை வைத்து வரி வரியாகப் படித்தேன். "21 நாள் பார்வைக்கு வைக்கப்படும்" என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் இந்த 21 நாள் விளம்பரம் கடைசியில், கணக்கை மாஸ்டர் பார்த்த பிறகு, ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொல்லிப் போடுவது. கடன்காரர்களைக் கூப்பிடும் அறிவிப்பே வேறு. 1965 எஸ்டேட் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி அதை அரசு கெஜட்டிலும், இறந்தவர் வாழ்ந்த மாவட்டத்தில் ஓடும் பத்திரிகையிலும் போடணும். கடன் கோருவதற்குக் குறைந்தது 30 நாள், அதிகபட்சம் மூன்று மாதம் அவகாசம். அதைவிடக் கூத்து, அந்த நறுக்கில் இருந்த குடும்பப் பெயரே எங்களுடையது இல்லை. வேறு யாருடைய எஸ்டேட்டோ!

பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் கேட்டேன், கெஜட்டையும் புரட்டினேன். எங்கள் மாமனார் பெயர் எதிலும் இல்லை. பில்லில் மட்டும் இரண்டு விளம்பரத்துக்கும் காசு எழுதியிருந்தது.

கேட்டதற்கு "கிளார்க் மாத்தி அனுப்பிட்டான்" என்று ஒரு சமாதானம். சரி, எங்களுடையது எங்கே என்றால் பதில் இல்லை. இதில் ஏஜெண்டுக்கு என்ன நஷ்டம்? கடிதத்தில் இருப்பது என் வீட்டுக்காரர் பேர். சட்டப்படி இல்லாமல் பணத்தைப் பிரித்துக் கொடுத்தால் அதனால் வரும் நஷ்டத்தை எக்ஸிகியூட்டர்தான் கைக்காசிலிருந்து ஈடுகட்டணும். மூன்று ராத்திரி அவர் தூங்கவில்லை.

ஆகவே நறுக்கைக் கையில் வாங்கும்போது பாருங்கள்: பெயர் உங்கள் வீட்டில் இறந்தவருடையதா, எந்த ஊர்ப் பத்திரிகை, எந்தத் தேதி, முக்கியமாக 30 நாளா 21 நாளா. கெஜட் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பெரியவர் எந்தெந்தக் கடையில் கணக்கு வைத்திருந்தார் என்று தெரிந்தால் அவர்களுக்கு நீங்களே ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். ஹார்டுவேர்க்காரருக்கு நான் அதைச் செய்யாதது என் தப்புதான்.

ஏஜெண்டை மாற்றிவிட்டோம். சரியான அறிவிப்பு போன வெள்ளிக்கிழமைதான் வந்தது. அன்றைய பேப்பரை இரண்டு காப்பி வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். கொழுந்தனார் புது வண்டியை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார், என்னிடம் பேசுவதில்லை.