ராமிப்ரிலா, டெல்மிசார்டனா? கொழுப்புத் திசுவை வைத்து ஓர் அலசல்

இரத்த அழுத்தத்துக்கு எட்டு மாதம் ராமிப்ரில் மாத்திரை, பிறகு இரண்டு ஆண்டுகளாக டெல்மிசார்டன். இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்தவன் என்பதால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டெல்மிசார்டன் பக்கம்.

இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் பெரிய வேறுபாடு இல்லை. 2008இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில் 25,000க்கும் மேற்பட்டோரிடம் இதே இரு மருந்துகளையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைத் தடுப்பதில் ஒன்றுக்கொன்று இளைத்ததாக இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பயன் கூடவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.

அடுத்தது இருமல். ராமிப்ரில் தொடங்கிய மூன்றாம் வாரம், தொண்டையில் முடி சிக்கியதுபோல் ஓர் அரிப்பு. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, படுத்தால் தொடங்கிவிடும். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கிய இரவுகள் உண்டு. ராமிப்ரில் தடுக்கும் ஏசிஇ நொதிக்கு, பிராடிகினின் என்ற பொருளைச் சிதைக்கும் வேலையும் உண்டு. அந்த வேலை நின்றால் பிராடிகினின் தேங்கி இருமலைக் கிளப்புகிறது. மருத்துவர் மாத்திரையை மாற்றினார். இரண்டு வாரத்தில் இருமல் அடங்கியது.

மாற்றியது இருமலுக்காக. ஆனால் டெல்மிசார்டனிலேயே நிலைத்தது என் வயிற்றுக் கொழுப்புக்காக. அப்போது இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ., வெறும் வயிற்றில் சர்க்கரை 114.

ரெனின் என்ற பொருளை 1898இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்திலிருந்து கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் அமைப்பு என்றாலே சிறுநீரகமும் இரத்தக் குழாயும்தான் நினைவுக்கு வரும். கொழுப்புத் திசுவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உண்மையில் ஆஞ்சியோடென்சினின் மூலப்பொருளான ஆஞ்சியோடென்சினோஜெனைக் கல்லீரலைப் போலவே கொழுப்புத் திசுவும் தயாரிக்கிறது. எலிகளின் கொழுப்புத் திசுவில் இதை மிகையாகச் சுரக்கவைத்தபோது கொழுப்பும் பெருகியது, இரத்த அழுத்தமும் ஏறியது.

அங்கே உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2 (இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஹார்மோன்), புதிய கொழுப்பணுக்கள் முதிர்ச்சியடைவதைத் தடுக்கிறது. இருக்கும் அணுக்களே மேலும் மேலும் கொழுப்பை வாங்கி ஊதுகின்றன, அழற்சி பிடிக்கிறது, இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிபோனெக்டின் குறைகிறது. இடம் போதாமல் வழியும் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படிகிறது. பிறகு இன்சுலின் சுரந்தாலும் அந்த உறுப்புகள் அதன் பேச்சைக் கேட்பதில்லை. என்னுடைய 114இன் பின்னணியில் இதற்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இரு மருந்துகளும் பிரிவது இந்த இடத்தில்தான். ராமிப்ரில் ஏசிஇ நொதியைத் தடுத்து, ஆஞ்சியோடென்சின் 2 உருவாகும் முக்கிய வழியை அடைக்கிறது. ஆனால் கைமேஸ் போன்ற வேறு நொதிகள் வழியாகவும் அது உருவாக முடியும். டெல்மிசார்டனோ, ஆஞ்சியோடென்சின் 2 போய் ஒட்டும் முதல் வகை ஏற்பியையே மூடிவிடுகிறது. எந்த வழியில் உருவானாலும் அங்கே வேலை நடக்காது. அத்துடன் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கப்படும் பியோகிளிட்டசோன் இயக்கும் பிபிஏஆர்-காமா ஏற்பியையும் ஓரளவு தூண்டுகிறது. கொழுப்பணுக்கள் முதிர்வதற்கு உதவும் ஏற்பி அது.

ஆய்வுக்கூடத்தில் கண்டது அப்படியே மனிதரிடம் நடந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ட்ரீம் ஆய்வில் ராமிப்ரில் சர்க்கரை நோய் வருவதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. ஆனாலும் கூடுதலானோருக்குச் சர்க்கரை இயல்புநிலைக்குத் திரும்பியது. நேவிகேட்டர் ஆய்வில், டெல்மிசார்டன் வகையைச் சேர்ந்த வல்சார்டன் சர்க்கரை நோய் வந்தோரின் பங்கை 36.8 சதவீதத்திலிருந்து 33.1 ஆகக் குறைத்தது. டெல்மிசார்டனுக்கு டிரான்சென்ட் ஆய்வில் அப்படித் தெளிவான பலன் கிடைக்கவில்லை. இருமல் இல்லாமல் ராமிப்ரில் ஒத்துப்போகிறவர்கள் என் பேச்சைக் கேட்டு மாற்ற வேண்டியதில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ராமிப்ரில் வகை மருந்துகளின் அனுபவம் நீண்டது. கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே ஆகாது. பொட்டாசியம், கிரியேட்டினின் பரிசோதனை இரண்டுக்குமே தேவை.

இப்போது என் இடுப்பு 96 செ.மீ., சர்க்கரை 103. ஆனால் மாத்திரை மாறிய அதே மாதம்தான் தினமும் 45 நிமிடம் நடக்கத் தொடங்கினேன். எடை 5 சதவீதம் குறைந்தாலே இரத்தத்தில் ஆஞ்சியோடென்சினோஜென் இறங்குகிறது. நடையும் மாத்திரையும் ஒரே அமைப்பின் மீதுதான் வேலை செய்கின்றன. ராமிப்ரில் சாப்பிட்ட அந்த எட்டு மாதமும் நான் நடக்கவே இல்லை.