வெளியிலிருந்து வந்த இரண்டு சி.இ.ஓ.க்கள்

புது மேனேஜர் வந்த முதல் வாரத்தில் "எங்க பழைய கம்பெனியில..." என்று எத்தனை தடவை சொல்கிறார் என எண்ணுவது எங்கள் டீமில் ஒரு விளையாட்டு. ஒருவர் முதல் மீட்டிங்கிலேயே பதினொன்றைத் தொட்டார். சி.இ.ஓ. நாற்காலியில் இந்தப் பழக்கம் என்ன செய்யும் என்று பார்க்க, அமெரிக்காவில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஆப்பிள் கடைகளை வளர்த்தெடுத்த ரான் ஜான்சன், 2011 நவம்பரில் ஜேசி பென்னி என்ற பெரிய கடைச் சங்கிலிக்கு வந்தார். ஆலன் முலாலி 37 வருடம் போயிங்கில் இருந்துவிட்டு 2006 செப்டம்பரில் ஃபோர்டுக்கு வந்தவர். பயோடேட்டாவைப் பார்த்தால் ஜான்சன்தான் பொருத்தம். அவர் கடைக்காரர், போனதும் கடைக்கு. முலாலிக்குத் தெரிந்ததோ விமானம்.

ஜான்சன் 2012 பிப்ரவரியில் கூப்பன்களையும் தள்ளுபடிகளையும் தூக்கிவிட்டு, தினமும் ஒரே நியாய விலை என்றார். விலையை ஏற்றிவைத்துப் பிறகு குறைப்பானேன் என்பது அவர் வாதம். தப்பில்லைதான். ஆனால் பென்னிக்கு வருகிறவர்களுக்குக் கூப்பனை வெட்டிக் கொண்டுபோய் எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று சொல்வதில் பாதி சந்தோஷம். ஆடித் தள்ளுபடி பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலு கடையில் முதலில் செய்து பார்த்திருக்கலாம். ஆப்பிளில் அந்த வழக்கம் இல்லை என்று விட்டுவிட்டார். தலைமை அலுவலகம் டெக்சாஸில், அவர் வீடு கலிஃபோர்னியாவில். கூட வைத்துக்கொண்ட பெரிய தலைகளில் சிலரும் ஆப்பிள்காரர்கள். சரி, வாசலில் நடப்பதை அவருக்கு யார் சொல்வது? அந்த ஆண்டு விற்பனை கால்வாசி சரிந்தது.

முலாலி பெரும்பாலும் இருந்த ஆட்களையே வைத்துக்கொண்டார். வியாழக்கிழமைதோறும் கூட்டம். ஒழுங்காகப் போகும் வேலைக்குப் பச்சை, சந்தேகத்துக்கு மஞ்சள், சிக்கலுக்குச் சிவப்பு. ஃபோர்டு அந்த வருடம் 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வந்த சார்ட் எல்லாம் பச்சை! இவ்வளவு பணம் போகிறதே, எங்கேயுமே கோளாறு இல்லையா என்று கேட்டார். கொஞ்ச நாள் கழித்து ஃபோர்டின் மூத்த அதிகாரி மார்க் ஃபீல்ட்ஸ் ஒரு சிவப்பைக் கொண்டுவந்தார். கனடா ஆலையில் எட்ஜ் கார் வெளியீடு கோளாறால் நின்றிருந்தது. அறையே கப்சிப். ஆள் தொலைந்தார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். யார் உதவ முடியும் என்று கேட்டார். அப்புறம் வந்த சார்ட்களில் மெல்ல மஞ்சளும் சிவப்பும் ஏறின.

முலாலியும் வெறுங்கையோடு வந்தவரில்லை. அந்த வியாழக்கிழமைக் கூட்டமே போயிங் சரக்குதான். ஆனால் ஃபோர்டின் வியாதி என்ன என்பதை ஃபோர்டுக்காரர்கள் வாயாலேயே வரவழைக்க அது உதவியது. ஜான்சன் மருந்துச் சீட்டையே ஆப்பிளிலிருந்து எழுதிக்கொண்டு வந்துவிட்டார். முலாலிக்கு ஒரு வசதியும் இருந்தது: 2006 கடைசியில், நீல நிற லோகோ உட்பட அடமானம் வைத்துத் திரட்டிய பெரிய கடன். அந்த மூச்சுவிடும் நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் ஜான்சனைத் திட்டுவது முழு நியாயமில்லை. இருந்தாலும் என் ஓட்டு முலாலிக்குத்தான்.

2014ல் முலாலி ஓய்வு பெற்றபோது, சிவப்பு காட்டிய அதே ஃபீல்ட்ஸ் அந்த நாற்காலிக்கு வந்தார். பென்னியில் 2013 ஏப்ரலிலேயே ஜான்சனை அனுப்பிவிட்டு, அவருக்கு முன்பிருந்த மைக் உல்மனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். கூப்பனும் திரும்பி வந்தது.